திருமுகத்தில் விளி மரபு

மடல் எழுதப் புகுவோர்க்கு முதலில் தோன்றும் இடர்ப்பாடு, பெறுவோரை எங்ஙனம் விளிப்பது என்பதாகும். அலுவலக மடல்களில் பெயர்க்கு முன்னர்த் 'திரு' எனப் பொறிப்பதோடு அவ்விடர் இன்று பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றது. இவ்வெளிமை அண்மையில் வாய்த்தது. இதற்கு முற்பட்ட விளி மரபினைத் தொண்டை நாட்டுச் சான்றுகளை முதன்மையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

காரைக்காலை அடுத்த காசாக்குடியில் கிடைத்த செப்பேடுகள் இரண்டாம் நந்திவர்ம பல்லவனின் 22 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. அவற்றின் வடமொழிப் பகுதி பல்லவர் குலமுறையை விரித்துப் புகழ்கின்றது. தமிழ்ப் பகுதியோ மடலாகவே அமைந்துளது. மன்னன் பெயரும் யாண்டும் முன்னிற்க, ஊற்றுக்காட்டுக் கோட்டத்து நாட்டார் 'காண்க' என்னும் விளி அடுத்து வருகின்றது. அதன் பின்னரே ஊர்க்கொடை பற்றிய செய்தி தொடங்குகின்றது. ஊற்றுக்காடு இன்று வாலாசாபாத்தை அடுத்துள்ள ஊத்துக்காடு ஆகும். வாகூர்ச் செப்பேட்டிலும் இவ்வகை விளியே காணப்படுதலின், இது பல்லவர் அரண்மனை எழுத்தரின் நிலைத்த வாய்பாடு எனக் கொள்ளலாம்.

இவ்விளியில் அடைமொழி ஒன்றேனும் இல்லாமை நோக்கத்தக்கது. 'நாட்டார்' என்பதன் ஆர் ஈறே மதிப்பு முழுவதையும் தாங்கி நிற்கின்றது. மாறாக, ஓலைக்கு உரிய பெருமையோ மிகப் பெரிது. நாட்டார் அத்திருமுகத்தைக் கண்டு, தொழுது, தலைமேல் வைத்தே எல்லை நடந்தனர் எனச் செப்பேடு கூறுகின்றது. முகம் என்னும் சொல் மடலைக் குறித்தது ஏன் என்பது இதனால் ஒருவாறு விளங்கும். மன்னன் வாரா இடத்து ஓலையே அவன் முகமாயிற்று. 'திரு' என்னும் அடையும் அதற்கே உரியதாயிற்று.

உத்தரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற முதற் பராந்தகன் காலக் கல்வெட்டுக்கள் குடவோலை முறையால் பெரும்புகழ் பெற்றவை. அவையும் அரசன் மடலின் ஆணைப்படி எழுந்தவையே. ஆயின் அம்மடலை அவை 'ஸ்ரீமுகம்' என வழங்குகின்றன. ஆகவே திருவும் ஸ்ரீயும் ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே ஒரே நிலப்பகுதியில் ஒரே பொருளில் வழங்கின என்பது பெறப்படும். பிற்கால வழக்காடலில் ஈடுபட்ட இருசாராரும் இதனைப் போதிய அளவு கருதினார் என்று நமக்குத் தோன்றவில்லை.

இலக்கியத்திற்கு வருவோம். பதினொராம் திருமுறையின் முதற்கண் உள்ள திருமுகப்பாசுரம், ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு விடுத்த மடலாக அமைந்தது. விடுப்போன், பெறுவோன், செய்தி என்னும் முறைவைப்பும் 'காண்க' என்னும் சொல்லும் பல்லவர் ஓலையை ஒத்துள்ளன. ஆனால் இங்குப் பெறுவோன் புகழும் விரிவாகப் பேசப்படுகின்றது. பாணபத்திரனுக்குப் பொருள் வேண்டி விடுத்த மடலாகலின் அது பொருத்தமே.

இவற்றினும் நுண்ணியது சிலப்பதிகாரத்து மாதவியின் இரண்டாம் மடல். அதில் கோவலன் பெயரால் விளிக்கப்படவில்லை. 'அடிகள்' என்றே விளிக்கப்படுகின்றான். மடலைப் படித்த கோவலன், அதன் வாசகம் தன் பெற்றோர்க்குத் தான் விடுக்கவும் பொருந்தும் எனக் கண்டு, கோசிகமாணி கையிலேயே அதனை அவர்பால் அனுப்புகின்றான். பெயரின்றி மதிப்புச் சொல் மட்டும் நின்றமையால் அன்றோ அம்மடல் இருவர்க்கும் உரியதாயிற்று! விளி என்பது ஆளைக் காட்டிலும் உறவையே சுட்டுவது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. மாமல்லபுரத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். தருமராச இரதம் முதலியவற்றில் உள்ள 'அத்யந்தகாமன்' என்னும் விருது எப்பல்லவனுக்கு உரியது என்பதில் அறிஞர் இன்றும் மாறுபடுகின்றனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் விளி பெரும் சுமையாயிற்று. சென்னை மாகாண அலுவலர் பெயர்க்கு முன் 'மகாராஜராஜஸ்ரீ' என்பதன் சுருக்கமும் பின் 'அவர்கள்' என்பதும் சேர்க்கப்பெற்றன. விண்ணப்பங்கள் துரையவர்கள் 'சமூகத்துக்கு' எழுதப்பட்டன. பல்லவ மன்னன் தன் குடிகட்கு அடைமொழியின்றி எழுதினான். குடியானவனோ சிற்றலுவலர்க்கும் அரசர்க்கரசர் என்னும் பட்டம் சூட்டி எழுத வேண்டியவனானான்.

1967 இல் காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாதுரை முதலமைச்சரானார். ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்பவற்றிற்கு மாற்றாகத் திரு, திருமதி, செல்வி என்பவை அவ்வாண்டிலேயே அரசு வழக்காயின. இதனை மொழிமாற்றம் என்று மட்டும் மதிப்பது குறைபாடுடையது. அரசன் ஓலைக்கு உரியதாயிருந்த அடை, வரி செலுத்தும் எவர்க்கும் உரியதாயிற்று. அமைச்சர்க்கும் உழவர்க்கும் முன்னொட்டு ஒன்றே.

எனினும் சமன்மை ஆடவர்க்கே முழுமையாக வாய்த்தது. ஆடவன் மணம் புரிந்தவனா என வினவாமலே திரு என எழுதலாம். பெண்ணொருத்திக்கு எழுதப் புகுவோன் திருமதியா, செல்வியா என உசாவியறிந்தே எழுத வேண்டியவனாகின்றான். 'திருவாட்டி' என எழுதுவார் சிலர் உளர். மணநிலை சுட்டாது ஆள வல்ல அச்சொல்லை அலுவலகங்கள் இன்னும் மேற்கொண்டில.