மயிரிழை எழுத்து

அச்செழுத்துக்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று படிப்பதற்கு, மற்றொன்று பார்ப்பதற்கு. படிக்கிற எழுத்து கல்யாண வீட்டுச் சமையற்காரரைப் போன்றது. சாப்பாடு நன்றாயிருந்தால் போதும்; பந்தியில் உட்கார்ந்தவர்கள் அவர் முகத்தைத் தேடுவதில்லை. பார்க்கிற எழுத்தோ வாசலில் நின்று பன்னீர் தெளிப்பவரைப் போன்றது. முகமலர்ச்சியும் உடையழகுமே அவருக்கு வேலை. இந்த இரண்டாவது வகையில் உலகம் வியந்த எழுத்து ஒன்று இத்தாலியில் பார்மா என்னும் சிறு நகரத்தில் உருவாயிற்று. அதைப் படைத்தவர் பெயர் ஜாம்பத்திஸ்தா பொதோனி.

அவருடைய சாய்வெழுத்தை ஒரு முறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. இறங்குகிற கோடு கரும்பட்டையாக அழுத்தமாக இருக்கும். ஏறுகிற கோடு மயிரிழையாக மெலிந்துவிடும். எஃகு நிப்புப் பேனாவால் எழுதியவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். அழுத்தினால் நிப்பு விரிந்து கோடு தடிக்கும். கை லேசானால் இழையாகும்.

சாய்வெழுத்து பொதோனியின் கண்டுபிடிப்பு அல்ல. 1501-ல் வெனிஸ் நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ், பிரான்செஸ்கோ கிரிஃபோ செதுக்கிய சாய்வெழுத்தைக் கொண்டே மகாகவி வர்ஜிலின் காவியங்களைச் சிறு புத்தகமாக அச்சிட்டார். கற்றவர்களின் கையெழுத்துச் சாயல் அதில் இருந்தது. தடிப்பும் மெலிவும் அப்போது இவ்வளவு தூரம் பிரியவில்லை. அதற்கு நல்ல காகிதம் வர வேண்டியிருந்தது. பர்மிங்ஹாம் நகரத்து ஜான் பாஸ்கர்வில் 1757-ல் அதே வர்ஜிலை வழவழப்பான காகிதத்தில், கருமை மிகுந்த மையில் அச்சிட்டார். சொரசொரப்பான தாளில் சிதைந்துபோகும் மெல்லிய கோடு இந்தத் தாளில் அப்படியே பதிந்தது. காகிதம் மாறியது, எழுத்தும் மாறியது.

பொதோனி 1740-ல் பீட்மாண்ட் பகுதியில் சலுஸ்ஸோ என்ற ஊரில் ஓர் அச்சுக்காரரின் மகனாகப் பிறந்தவர். ரோமாபுரியில் கத்தோலிக்கத் திருச்சபையின் மதப் பிரசார அச்சகத்தில் வேலை பார்த்தார். பாஸ்கர்வில்லின் தொழிலை நேரில் காண இங்கிலாந்துக்குப் புறப்பட்டவரைக் காய்ச்சல் மறித்துவிட்டது. பிரயாணம் நின்றது. 1768-ல் பார்மாவின் கோமகன் ஃபெர்டினாண்ட் தமது அச்சகத்தை நடத்த அவரை அழைத்துக்கொண்டார். 1813-ல் இறக்கும் வரையில் அவர் அந்த ஊரை விட்டு விலகவில்லை.

அவருடைய பொறுமைக்கு நாவலாசிரியர் ஸ்தாந்தால் ஒரு கதை சொல்லுகிறார். ஒரு புத்தகத்தின் முகப்புப் பக்கத்தைக் காட்டினாராம் பொதோனி. அதில் ஆசிரியர் பெயர் மட்டும் ஒரே வரியில் பெரிய எழுத்தில் இருந்தது. அந்த எழுத்தைத் தீர்மானிக்க ஆறு மாதம் ஆயிற்றாம்!

அந்த ஆறு மாதத்தைப் புத்தகத்தின் உள்ளே செலவிட்டிருக்கலாம் என்று கேலி செய்தவர்களும் உண்டு. பாரிஸ் நகரத்து அச்சுக்கலைக் குடும்பத்தாரான திதோக்கள், பொதோனியின் பதிப்புகளில் பிழைகள் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். நூறாண்டு கழித்து, இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் அந்த எழுத்தின் உருவத்தையே வெறுத்தார். படிக்கிறவனை மறந்து கண்ணைக் கூசச் செய்வது என்பது இப்படிப்பட்டவர்களின் குற்றச்சாட்டு.

குற்றச்சாட்டில் பாதி நியாயம் உண்டு. மற்றப் பாதிக்கு பொதோனியின் பட்டறையே பதில் சொல்லும். அந்நாளில் எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துக் குழியாக்கி, அந்தக் குழியில் ஈயக் கலவையை வார்ப்பார்கள். ஒவ்வோர் அளவுக்கும் தனியே செதுக்க வேண்டும். ஆகவே பெரிய எழுத்தில் மயிரிழையாக ஓடும் கோட்டுக்குச் சின்ன எழுத்தில் கொஞ்சம் சதை பிடிக்கும்படி அவரால் செய்ய முடிந்தது. அவர் இறந்த பிறகு, மனைவி மார்கரீத்தா 1818-ல் இரண்டு பாகங்களாக வெளியிட்ட அச்செழுத்துக் கையேட்டில் இந்த அளவுகளெல்லாம் வரிசையாக நிற்கின்றன. அவர் விட்டுச் சென்ற 25,000-க்கும் மேற்பட்ட எஃகு அச்சுக்கள் பார்மாவின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

பின்னால் வந்தவர்கள் அந்த முகத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த விவேகத்தைச் சில சமயம் விட்டுவிட்டார்கள். 1934 முதல் 1958 வரை 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகையின் கலைப்பொறுப்பை வகித்த அலெக்ஸி புரோதோவிச் சூட்சுமம் அறிந்தவர். பொதோனி எழுத்தில் பெரிய தலைப்பு. அதைச் சுற்றித் தாராளமாக வெள்ளை இடம். நாகரிக உடையும் அந்த எழுத்தும் கைகோத்துக்கொண்டன. ஆனால் படம்பிடித்து எழுத்துக் கோக்கும் முறை வந்தபோது, ஒரே வரைபடத்தைச் சுருக்கியும் பெருக்கியும் எல்லா அளவுக்கும் பயன்படுத்தும் வழக்கமும் வந்தது. சின்ன அளவில் மயிரிழைகள் காணாமற்போயின; கரும்பட்டைகள் மட்டும் வேலிக்கால்போல் நின்றன. பழி பொதோனியின் மேல் விழுந்தது. பார்மாவுக்கே போய் மூலங்களைப் பார்த்துவிட்டு 1994-ல் வெளியிட்ட 'ஐடிசி பொதோனி' என்ற எழுத்தில்தான் 6, 12, 72 பாயிண்டுகளுக்கென்று மூன்று தனி வடிவங்கள் கொடுத்தார்கள். 72 பாயிண்டு சாய்வெழுத்தைப் பார்த்தால் பொதோனியின் கை தெரிகிறது.

கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றால் பட்டும் கெடும், சமையலும் கெடும். அது பட்டின் குற்றம் ஆகாது. முந்நூறு பக்கம் படிக்கிறவனுக்குக் கண் நோகாத எழுத்தைக் கொடுக்க வேண்டும். ஆனால் அவன் புத்தகத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால், அட்டையில் இரண்டே சொற்கள் அவனைக் கூப்பிட வேண்டும் அல்லவா? அந்த இரண்டு சொற்களுக்கு ஆறு மாதம் செலவிட்டவரை நான் வீணர் என்று சொல்லமாட்டேன்.