ஒரு நீலக் காரும் ஒரு நோட்டுப் புத்தகமும்

சென்ற ஆண்டு பொங்கல் கழிந்த மறுநாள், பிரான்சிலிருந்து என் அண்ணன் மகன் வாட்ஸப்பில் பதினான்கு படங்கள் அனுப்பினான். அண்ணன் என்றால் பெரியப்பாவின் மகன். பையன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் அவனுக்குத் தெரிந்தது 'சித்தப்பா' என்ற ஒரே சொல். மற்றதெல்லாம் பிரெஞ்சு. "சித்தப்பா, அப்பாவின் நோட்டில் இந்த இடங்களில் மட்டும் தமிழில் எழுதியிருக்கிறார். என்னவென்று சொல்லுங்கள். ஜூன் மாதம் காரை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோகிறேன்" என்று எழுதியிருந்தான்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைப் பற்றிச் சொல்ல 1962-க்குப் போக வேண்டும்.

என் வயதுக்காரர்களுக்கு அந்த ஆண்டை நினைவூட்டத் தேவையில்லை. ஆகஸ்ட் 16 அன்று ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, பாண்டிச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். என் தந்தை கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே பள்ளியில் பிரெஞ்சில் படித்த இரண்டு பையன்களில் ஒருவன் பிரெஞ்சுக்காரன், மற்றவன் இந்தியன் என்று ஆயிற்று. அண்ணனுக்கு அப்போது பதினாறு வயது, எனக்குப் பதினொன்று. 1965-இல் அவர் சொல்தாவாகக் கப்பலேறினார். ராணுவத்தில் லாரி, ஜீப் பழுது பார்க்கும் பிரிவில் பதினைந்து ஆண்டுகள். பிறகு நார்மண்டியில், ரூவான் நகருக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் வேலை. அந்த ஊர்ப் பெண்ணையே மணந்துகொண்டார்.

அதே 1962-இல் அதே நார்மண்டியின் கடற்கரை ஊரான தியெப்பில் ஒரு கார் பிறந்தது. பெயர் ஆல்பீன் ஏ110.

அதைச் செய்தவர் ழான் ரெதெலே. 1922-இல் பிறந்தவர், தியெப்பில் ரெனோ கார் விற்பனையாளர். (நம் ஊரில் ரெனால்ட் என்கிறோம்.) போருக்குப் பிந்தைய பிரான்சில் சாமானியர்கள் ஓட்டிய சின்ன வண்டி ரெனோ 4சிவி. பின்பக்கம் என்ஜின், மூன்றே கியர். அதை வைத்துக்கொண்டு அவர் பந்தயத்துக்குப் போனார். மூன்று கியருக்குப் பதிலாக ஐந்து கியர் பெட்டி போட்டார். இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் தன் பிரிவில் வென்றார். ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் ஓட்டியதில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அதனால் 1955-இல் தொடங்கிய நிறுவனத்துக்கு ஆல்பீன் என்று பெயர் வைத்தார்.

சொந்தமாக என்ஜின் வார்க்க அவரிடம் முதல் இல்லை. ஆகவே ரெனோவின் சாதாரண காரிலிருந்து என்ஜின், கியர், பிரேக் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். நடுவில் முதுகெலும்பு போல ஓர் இரும்புச் சட்டம். அதன்மேல் ஃபைபர் கிளாஸ் உடலை ஒட்டிவிடுவது. ஏ110-க்கு உதவியது ரெனோ 8 என்ற நாலு கதவு குடும்பக் கார். அதன் நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அந்தக் காலத்தில் சாதாரண காருக்கு அது அபூர்வம்.

என்ஜின் முதலில் 956 சிசிதான். பிறகு அமெதே கோர்தினி வந்தார். 1899-இல் இத்தாலியில் பிறந்து பாரிஸில் பட்டறை நடத்தியவர். சாதாரண என்ஜினிலிருந்து எப்படியோ வேகத்தைக் கறந்துவிடுவார் என்பதால் 'மந்திரவாதி' என்றே அவரை அழைத்தார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. சிலிண்டர் தலையைப் புதிதாக வடிவமைத்தார், வால்வுகள் நிற்கும் விதத்தை மாற்றினார், இரண்டு பெரிய கார்புரேட்டர் வைத்தார். 1964-இல் வந்த ரெனோ 8 கோர்தினிக்கு 1108 சிசியில் 95 குதிரைத் திறன், சாதாரண ரெனோ 8-ஐப் போல ஏறக்குறைய இருமடங்கு. அந்த என்ஜின் ஆல்பீனுக்கும் போயிற்று. பிறகு 1255, 1296, ரெனோ 16-இன் அலுமினிய என்ஜினிலிருந்து 1565 என்று ஏறிக்கொண்டே போயிற்று.

நமக்குப் புரியும்படி சொல்கிறேன். நாம் ஏறி இறங்கிய அம்பாசடரின் பெட்ரோல் என்ஜின் 1489 சிசி. அதற்குச் சுமார் ஐம்பது குதிரைத் திறன். வண்டியின் எடை 1,100 கிலோவுக்கு மேல். 1565 சிசி ஆல்பீனுக்கு 138 குதிரை, எடை ஏறக்குறைய 700 கிலோ. எடையைக் குறைத்தால் என்ஜின், பிரேக், டயர் எல்லாவற்றுக்கும் வேலை குறைகிறது. ரெதெலேயின் கணக்கு இதுதான்.

1971 மாண்டி கார்லோ பந்தயத்தில் ஓவே ஆண்டர்சன் இந்தக் காரில் வென்றார். இரண்டாவது இடமும் ஆல்பீனுக்கே. மூன்றாவதை ஓர் ஆல்பீனும் ஒரு போர்ஷேவும் பங்கிட்டுக்கொண்டன. பனிச் சாலையில் சீறும் நீலக் காரின் படத்தை அப்போது நான் இங்கே ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் பார்த்தேன், இருபது வயதில். 1973-இல் முதன்முதலாக உலக ராலி சாம்பியன்ஷிப் நடந்தது. தயாரிப்பாளர் பட்டம் ஆல்பீனுக்கு. 1977-இல் ஏ110 உற்பத்தி நின்றது.

1983-இல் அண்ணன் ஒன்றை வாங்கினார். 1300 சிசி மாடல். ஓடாத வண்டி. அப்போது அது வெறும் பழைய கார்தான், இன்று போல விலை மதிப்பில்லை. முப்பத்தாறு ஆண்டுகள் அதை வைத்திருந்தார்.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2012-இல், அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கொட்டகையில் கார் நின்றது. என் இடுப்பளவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். "இதுக்குள்ள மனுஷன் எப்படிண்ணே போறது?" என்றேன். "முதல்ல காலை விடு தம்பி, அப்புறம் கெட்டிக்காரத்தனத்தை விட்டுட்டு உட்காரு" என்றார். நாற்பத்தேழு ஆண்டு கழித்தும் அதே பாண்டிச்சேரிப் பேச்சு.

இரண்டு நாள் அந்தக் கொட்டகையில்தான் கழிந்தது. பழைய காரைச் சாலைக்கும் ரேஸ் டிராக்குக்குமாக வைத்திருப்பது எப்படி என்று எனக்குப் பாடம் எடுத்தார். குமாஸ்தா மூளைக்குப் பிடிபட்ட வரை எழுதுகிறேன்.

முதலில் பிரேக், பிறகு சஸ்பென்ஷன், கடைசியில்தான் என்ஜின். இதை அவர் பட்டுத் தெரிந்துகொண்டார். ஒருமுறை லெ மானில் உள்ள புகாத்தி டிராக்குக்குப் போனார். அங்கே பணம் கட்டிச் சொந்தக் காரை ஓட்டலாம். அந்த ஆண்டு காசையெல்லாம் இரட்டை வெபர் கார்புரேட்டருக்குச் செலவழித்திருந்தார். பிரேக் ஆயிலை அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பஞ்சு போல அமுங்கும், வண்டி நிற்காது. சாலையில் அவ்வளவு சூடு ஏறாது. டிராக்கில் ஐந்தாறு சுற்றிலேயே ஏறிவிடும். நேராக மணல் பரப்பில் போய்த்தான் நின்றாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை டிராக்குக்குப் போகும் முன்பும் புது ஆயில்.

இரண்டாவது, பின்சக்கரம். இந்த மாடலில் பின்சக்கர அச்சுகள் இரண்டும் நடுவில் கீல் வைத்தது போல ஆடும். வளைவில் வேகமாகத் திரும்பி, பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால், வெளிச்சக்கரம் உடம்புக்கு அடியில் மடங்கி வண்டி சுழன்றுவிடும். அதனால் சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருக்கும்படி வைக்க வேண்டும். நல்ல ஷாக் அப்சார்பர் வேண்டும். டயரைத் தேய்மானம் பார்த்து மாற்றக் கூடாது, வயது பார்த்து மாற்ற வேண்டும்.

மூன்றாவது, என்ஜின். இதன் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கத் தேவையில்லை. உள்ளே தனித்தனி லைனர்கள், அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடும். தேய்ந்தால் லைனரையும் பிஸ்டனையும் ஜோடியாகக் கழற்றிவிட்டுப் புதிது போடலாம். ஆனால் லைனரின் தலை பிளாக்குக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று அளவு உண்டு. மயிரிழை தவறினாலும் தண்ணீர் ஆயிலில் கலக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றபோது, வால்வு உட்காரும் வளையங்களைக் கடினமான உலோகத்தில் மாற்றினார். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபோது ரப்பர் குழாய்களை மாற்றினார். பின்னால் சூடான என்ஜின், மேலே ஃபைபர் கிளாஸ் உடல், ஒரு சொட்டுக் கசிந்தாலும் தீதான்.

"இத்தனை மாற்றினால் இது பழைய கார்தானா அண்ணே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பழைய ஆல்பீனே அப்படி மாத்தி மாத்திப் பண்ணினதுதானேடா. 956-லேர்ந்து 1600 வரைக்கும் கம்பெனிக்காரனே மாத்தினான். மாத்தறது தப்பில்லே. மாத்தினதை எழுதி வைக்காததுதான் தப்பு" என்றார்.

அப்போதுதான் அந்த நோட்டைக் காட்டினார். தேதி, கிலோமீட்டர், எதைக் கழற்றினார், எதை மாட்டினார், கழற்றியது எந்தப் பெட்டியில் இருக்கிறது, எல்லாம் பிரெஞ்சில், கட்டம் போட்டு. அலமாரியில் பழைய கார்புரேட்டர், பழைய டிஸ்ட்ரிபியூட்டர், ஒவ்வொன்றிலும் நூல் கட்டிய சீட்டு. புதியதில் குறை என்றால் பழையதை எடுத்துத் திரும்ப மாட்டிவிடலாம். முப்பத்தைந்து ஆண்டு கோப்புகளோடு குடும்பம் நடத்திய எனக்குச் சொல்ல வெட்கம், என் பிரிவில்கூட அவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை.

நடுநடுவே சில வரிகள் தமிழில் இருந்தன. விலைகள். "உங்க அண்ணிக்குப் பிரெஞ்சு நல்லாப் படிக்க வருமே" என்று கண்ணடித்தார். வெபர் கார்புரேட்டரின் விலை இத்தனை பிராங்கு என்பதை அந்த வீட்டில் தமிழ் மட்டுமே அறிந்திருந்தது.

2019-இல் அண்ணன் காலமானார். அண்ணியும் மகனும் காரை விற்கவில்லை. கொட்டகையிலேயே மூடி வைத்திருந்தார்கள். இப்போது பையன் அதை எடுக்கிறான்.

படங்களைப் பெரிதாக்கி வரிசையாகப் படித்தேன். முதல் பத்துப் பக்கம் விலைதான். அவன் அம்மாவுக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். பதினோராவது படம் 2017-ஆம் ஆண்டுப் பக்கம். எழுத்து கோணிப் போயிருந்தது. "எடது பக்கம் பின்னாடி கொழா அடியில துரு. மேல ஒட்டுப் போட்டிருக்கு. ரோட்டுக்குப் போதும். டிராக்குக்கு எடுக்கக் கூடாது. சட்டத்தையே மாத்தணும். ஒடம்பு சரியானதும் பாக்கலாம்."

நான் இரண்டு தடவை படித்தேன். ஃபைபர் கிளாஸ் உடல் துருப் பிடிக்காது. அதனாலேயே அந்தக் கார் வெளியே பளபளவென்று இருக்கும். இரும்பு முதுகெலும்பு உள்ளே சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கும். அடியில் கறுப்புப் பூச்சு வேறு. டிராக்கில் முழு வேகத்தில் திரும்பும்போது பின்சக்கரத்தைத் தாங்கும் இடம் அது. இதை ஏன் தமிழில் எழுதினார்? விலையைப் போலவே இதையும் அண்ணிக்குத் தெரியாமல் வைக்கத்தான் இருக்கும். அப்போதே அவருக்கு உடம்பு சரியில்லை. அவள் கவலைப்படுவாள், காரை விற்கச் சொல்வாள் என்று நினைத்திருப்பார். மகனால் அதைப் படிக்க முடியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

எழுதி அனுப்பப் பொறுமையில்லை. அங்கே விடிய இன்னும் நேரம் இருந்தும் போன் செய்தேன். முழுவதும் பிரெஞ்சில் சொன்னேன், இரண்டு முறை. அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு "சரி சித்தப்பா" என்றான்.

அந்த வாரமே பூச்சைச் சுரண்டிப் பார்த்திருக்கிறான். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போய்விட்டதாம். ஜூனில் டிராக் இல்லை. உடலையும் சட்டத்தையும் பிரிக்க இரண்டு மாதம், புதுச் சட்டம் கிடைக்க, பொருத்த, ஒட்ட என்று ஆண்டே ஓடிவிட்டது. செலவைப் பற்றி என்னிடம் சொல்லவில்லை.

இந்த மாதம் மறுபடி ஒரு படம் அனுப்பினான். அதே நோட்டு, அண்ணனின் கடைசிப் பதிவுக்குக் கீழே அவன் கையெழுத்து. தேதி, கிலோமீட்டர், புதுச் சட்டம் போட்ட விவரம், வெட்டி எடுத்த துருப் பிடித்த துண்டு இத்தனையாம் பெட்டியில் இருக்கிறது என்ற குறிப்பு. எல்லாம் பிரெஞ்சில். வரியின் கடைசியில் மட்டும், பார்த்து வரைந்தது போன்ற கோணல் எழுத்தில், தமிழில் ஒரு சொல்: 'சித்தப்பா'. பிச்சுக்குப் பதில் 'ப'-வை ஒருமுறைதான் போட்டிருந்தான். திருத்த மனம் வரவில்லை.