உடம்பில் எறிகணைத் துண்டு, கையில் கைப்பேசி: இணைய மருத்துவத் தகவல் யாருக்கு விளங்குகிறது?

எறிகணைத் துண்டுகளை உடம்பில் சுமந்தபடி வாழும் பலரை வன்னியில் சந்தித்திருக்கிறேன். கிளினிக்கில் கேட்க நினைத்ததைக் கேட்க நேரம் கிடைக்காதபோது அவர்கள் கைப்பேசியைத் திறக்கிறார்கள். இல்லையென்றால் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உறவினர் ஒரு இணைப்பை அனுப்பிவிடுகிறார். அந்தப் பக்கங்கள் இவர்களுக்கு எவ்வளவு உதவும்?

"உடலில் உலோகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. செய்யக்கூடாது" என்பது இணையத்தில் அடிக்கடி கண்ணில் படும் வரி. விடயம் அவ்வளவு எளிதல்ல. அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். உருக்குத் துண்டு அதனால் இழுபடலாம், சூடாகலாம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய்கள் ஆகியவற்றின் அருகே இருந்தால் ஆபத்து அதிகம். தசைக்குள் பல வருடங்களாக இறுகிப்போன துண்டின் நிலைமை வேறு. எக்ஸ்ரேயில் இடத்தைப் பார்த்த பிறகே வைத்தியர்கள் முடிவெடுப்பார்கள். சி.ரி. ஸ்கேனில் இந்தக் காந்தச் சிக்கலே இல்லை.

அந்த ஒற்றை வரியை வாசித்தவர்களில் சிலர் எந்த ஸ்கேனுக்கும் போக மறுக்கிறார்கள். வேறு சிலர் துண்டு இருப்பதையே மறைக்கிறார்கள். காயம் எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பயந்து மறைப்பவர்களும் உண்டு. இந்தப் பயத்தைப் பற்றி எந்த வெளிநாட்டு மருத்துவப் பக்கமும் எழுதாது. வைத்தியருக்குத் தேவை துண்டு எங்கே இருக்கிறது என்பதுதான். 2009 இல் பட்டது, பழசுதானே என்று சொல்லாமல் விடாதீர்கள்.

ஈய நஞ்சு பற்றிய பக்கங்களும் பீதியைக் கிளப்புகின்றன. அவை பெரும்பாலும் துப்பாக்கிச் சன்னங்களைப் பற்றியவை. எறிகணைத் துண்டு பெரும்பாலும் உருக்கு. ஈயச் சன்னம் மூட்டுக்குள் தங்கியிருந்தால் மூட்டு நீரில் மெல்லக் கரைந்து, வருடங்கள் கழித்தும் இரத்தத்தில் ஈயம் ஏறலாம். இரத்தப் பரிசோதனையில் அதைக் கண்டுபிடிக்கலாம்.

அளவுகளும் பெயர்களும் இன்னொரு பொறி. பிரிட்டன், கனடாப் பக்கங்களில் சீனி அளவு மில்லிமோலில் இருக்கும். அதை 18 ஆல் பெருக்கினால்தான் நம் கிளினிக் கொப்பியில் உள்ள மில்லிகிராம் வரும். அங்கே 7 என்றால் இங்கே 126. கனடாவிலிருந்து வரும் 'அசெற்றமினோபென்' வேறொன்றுமில்லை, நம் பனடோல்தான். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஈரல் பாதிக்கப்படலாம்.

நோயாளருக்கான எழுத்து ஆறாம் வகுப்பு வாசிப்புத் தரத்தில் இருக்கவேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் பரிந்துரைக்கிறது. அதை அளக்கும் ஆங்கிலச் சூத்திரங்கள் வசன நீளத்தையும் அசைகளையும் எண்ணுபவை. விகுதிகள் ஒட்டி நீளும் தமிழுக்கு அவை பொருந்தா. நம்மவர் தடுமாறுவது பெரும்பாலும் சொற்களில். சலரோகம் என்று அறிந்தவர் 'சர்க்கரை நோய்' என்று தேடுவதில்லை.

ஒக்ஸ்போர்டில் உருவான 'டிஸ்கேர்ன்' என்ற 16 கேள்விப் பட்டியல் தகவலின் தரத்தை அளக்கிறது. அதில் எனக்கு முக்கியமாகப் படுபவை: தகவல் எங்கிருந்து, எப்போது வந்தது? சிகிச்சையின் பாதிப்பையும் சொல்கிறதா? சிகிச்சை எடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்கிறதா?

அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரேயையும், குழப்பிய அந்தப் பக்கத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவசரம் என்றால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், அம்புலன்ஸுக்கு 1990.