கேட்டதை ஆராயும் கல்வி



சமூகவியல் என்பது யாது? மனிதர் கூடி வாழும் முறையை, அதாவது குடும்பம், தொழில், ஆட்சி, வழக்காறு ஆகியவற்றைக் காரண காரியத்தோடு ஆராயும் கல்வியே அது. இதற்குரிய ஐரோப்பியப் பெயரை 1830களின் இறுதியில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஒகஸ்ட் கொம்ட் வழக்கிற்குக் கொண்டுவந்தார். அதற்கு நான்கரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே இத்தகைய கல்வியொன்றின் தேவையை விளக்கி எழுதியவர் இப்னு கல்தூன் ஆவார்.

ஹிஜ்ரி 732இல் (கி.பி. 1332) தூனிஸ் நகரில் பிறந்த அவர், இளமையிலேயே கொள்ளைநோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்தார். அரசவைகளில் உயர்பதவி வகித்தார், சிறைவாசமும் அனுபவித்தார். பின்னர் இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமாவில் ஒதுங்கியிருந்து, 1377இல் ஏறத்தாழ ஐந்து மாதங்களில் 'முகத்திமா' என்னும் நூலை எழுதி முடித்தார்.

அந்நூலின் தொடக்கத்திலேயே ஒரு செய்தியை அவர் ஆராய்கின்றார். நபி மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு இலட்சத்துக்கும் அதிகமான வீரர் இருந்தனரென வரலாற்றாசிரியர்கள் எழுதி வந்தனர். எகிப்துக்குச் சென்ற எழுபது பேரின் சந்ததி நான்கு தலைமுறைகளில் அவ்வளவு பெருகுமா? அத்துணை பெரிய படையை ஒரே களத்தில் அணிவகுக்க இயலுமா? இவ்வாறு வினவி அக்கணக்கை அவர் மறுக்கின்றார்.

மார்க்கக் கட்டளைகள் பற்றிய அறிவிப்பில் அறிவிப்பாளரின் நம்பகத்தன்மையை ஆராய்வது முதன்மையானது. உலக நிகழ்ச்சி பற்றிய செய்தியிலோ, அது நிகழக்கூடியதா என்பதையே முதலில் பார்த்தல் வேண்டும் என்பது அவரது விளக்கம். அதற்கு மனித சமூகத்தின் இயல்பை அறிந்திருத்தல் அவசியம். அவ்வறிவையே அவர் 'இல்முல் உம்ரான்' என்று அழைத்தார். குழுப் பிணைப்பாகிய 'அஸபிய்யா' வலுப்பெறும்போது ஆட்சிகள் எழுவதையும், சுகபோகத்தில் அது தளரும்போது அவை வீழ்வதையும் இவ்வழியிலேயே விளக்கினார்.

அன்பானவர்களே! "சமூகவியலின் தந்தை நம்மவர்" எனப் பெருமை பேசுவதோடு நாம் நின்றுவிடலாகாது. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் பணிக்கின்றது. ஆயினும், கைத்தொலைபேசியில் வந்த வதந்தியை நொடிப்பொழுதில் பிறருக்கு அனுப்புவோர் நம்மிடையே உளர். அண்டை வீட்டாரைப் பற்றியோ அயல் சமூகத்தாரைப் பற்றியோ பரவும் ஒரு பொய், ஊரையே பிளந்துவிடக்கூடும்.

பெற்றோர்களே, "இது நடக்கக்கூடியதா? எப்படி அறிந்தாய்?" என்று பிள்ளைகளிடம் வினவிப் பழகுங்கள். அவர்கள் உங்களிடம் அவ்வாறே வினவினால் சினம் கொள்ளாதீர்கள். இப்னு கல்தூனின் கல்வி அவ்வினாவிலிருந்தே பிறந்தது.