தரவரிசையும் தமிழாய்வும்

பிள்ளையைத் தமிழ் படிக்க அனுப்பலாமா என வினவும் பெற்றோர், பல்கலைக்கழகத் தரவரிசையையும் கையோடு கொண்டுவருகின்றனர். அவ்வரிசையின் வேர் பழையது. ஒரு கட்டுரை எங்கெங்கு மேற்கோளாக ஆளப்பட்டது எனக் காட்டும் அறிவியல் அட்டவணையை 1964இல் அமெரிக்கரான யூஜின் கார்பீல்டு வெளியிட்டார். தேடலுக்கு எழுந்த அக்கருவி பின்னர் அளவுகோலாயிற்று.

2003இல் தோன்றிய ஷாங்காய் தரவரிசை, 'நேச்சர்', 'சயன்ஸ்' எனும் ஈரிதழ்க் கட்டுரைகளுக்கே 20 விழுக்காடு ஒதுக்கியது. (சீனப் பல்கலைக்கழகங்கள் உலகில் எங்கே நிற்கின்றன என அறியவே அது எழுந்தது, நம்மை எண்ணியன்று.) மருத்துவக் கட்டுரைகள் விரைவில் மேற்கோளாகும், இலக்கிய ஆய்வோ பெரும்பாலும் நூலாக வந்து மெல்லப் பரவுவது. தமிழில் எழுதப்பட்டதாயின் அட்டவணைக்குள் நுழைவதே அரிது.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு 1961 முதல் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகளார், 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடக் காரணரானார். இக்கணக்கில் அதற்கு மதிப்பெண் ஏது?

கியூஎஸ் நிறுவனம் 2015இல் மேற்கோள் கணக்கைத் துறைவாரியாகச் சீர்செய்தது. கலைத்துறைகள் சற்றே மூச்சுவிட்டன.