ஐ.ஆர். 20-க்குள்ள இருக்கிற திருவள்ளூர்

அரிசிக் கடையில 'ஐ.ஆர். 20 இட்லி அரிசி'ன்னு எழுதின மூட்டையைப் பார்த்திருப்பீங்க. ஐ.ஆர்.னா 'இன்டர்நேஷனல் ரைஸ்'. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வச்ச பேர். ஆனா அந்த நெல்லோட பெற்றோர்ல ஒண்ணு, நம்ம திருவள்ளூர்ப் பக்கத்துப் பயிர்.

திருவள்ளூர் மாவட்டம்னா நமக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் லாரிகளும்தான் ஞாபகம் வரும். அதே மாவட்டத்துல திரூர்குப்பம்னு ஓர் ஊர். சுருக்கமா திரூர். அங்கே ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 1952-ல அங்கிருந்து வந்த ரகம்தான் டி.கே.எம். 6. டி.கே.எம். என்பது திரூர்குப்பத்தோட சுருக்கம்.

அதோட பெற்றோர் கோயம்புத்தூர்க்காரங்க: ஜி.இ.பி. 24, கோ 18. இதுல ஜி.இ.பி. கதை சுவாரசியமானது. 'கோணமணி' நெல் வயல்ல இயற்கையாகவே மாறி முளைச்ச ஒரு சன்ன ரகம் அது, 1921-ல வெளியானது. 'கவர்ன்மென்ட் எகனாமிக் பாட்டனிஸ்ட்' என்ற பதவியோட பேரையே நெல்லுக்கு வச்சுட்டாங்க! கோணமணி காணாமப் போச்சு. நல்லவேளை, சந்தையில ஜனங்க அதைக் 'கிச்சிலி சம்பா'ன்னு கூப்பிட்டாங்க.

சரி, ரெண்டு நெல்லை எப்படி இணைக்கிறது? நெல் தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்ளும் பயிர். ஒரே பூவுக்குள்ள சூலகமும் ஆறு மகரந்தப் பைகளும் இருக்கும். பூ திறந்திருக்கிறதே கொஞ்ச நேரம்தான். அதனால பூ விரியறதுக்கு முன்னாடியே உமியோட நுனியை வெட்டி, ஆறு பைகளையும் இடுக்கியால எடுத்துடணும். ஒண்ணு தப்பினாலும் பழைய நெல்லேதான் விளையும். அப்புறம் தந்தைக் கதிரைக் கொண்டுவந்து மகரந்தத்தை உதறி, காகித உறை போட்டு மூடணும். இவ்வளவுக்கும் கிடைக்கிறது ஒரு கை விதைகூட இருக்காது. அதை விதைச்சு, பொறுக்கி, மறுபடி விதைச்சு, குணம் நிலைக்கப் பல தலைமுறை ஆகும்.

1960-ல பிலிப்பைன்ஸ் நிறுவனம் தொடங்கினப்போ, உலகம் முழுக்க இருந்து நெல் விதைகள் அங்கே போச்சு. 1966-ல வந்த ஐ.ஆர். 8 விளைச்சலை அள்ளிக் கொடுத்தது. ஆனா மோட்டா அரிசி. பூச்சியையும் நோயையும் தாங்கல. பூச்சியியலாளர் எம்.டி. பதக்கும் அவரோட குழுவும் ஆயிரக்கணக்கான ரகங்களைச் சோதிச்சாங்க. தண்டுத் துளைப்பான் புழு உள்ளே புகுந்தா நடுக்குருத்து காயும், கதிர் வெளுத்துப் பதராகும். அந்தப் புழுவைத் தாங்கி நின்ன சில ரகங்கள்ல ஒண்ணு, டி.கே.எம். 6.

ஐ.ஆர். 20 வெளியானது 1969-ல. ஒரு பக்கம் இந்தோனேசியாவோட 'பெட்டா'வும் தைவான் குட்டை நெல்லும் கலந்த வரிசை. இன்னொரு பக்கம் திரூர்குப்பம். குட்டைத்தனம் அங்கிருந்து, புழுவைத் தாங்குற குணமும் இலைக்கருகல் எதிர்ப்பும் இங்கிருந்து. முழு எதிர்ப்புன்னு சொல்ல மாட்டேன்; அந்தப் புழு இன்னைக்கும் விவசாயியை விடல. ஆனா அதே ரத்தம் ஐ.ஆர். 36-லயும் ஓடுது. 1980-கள்ல உலகத்திலேயே அதிகப் பரப்புல பயிரான நெல் அது.

பேர் வைக்கிறதுல ஓர் அநியாயம் இருக்கத்தான் செய்யுது. தஞ்சாவூர் விவசாயி 'வெளிநாட்டு விதை'ன்னு வாங்கினது, பாதி நம்ம திருவள்ளூர்ச் சரக்கு.

திரூர் நிலையம் இன்னைக்கும் வேலை செய்யுது. 2015-ல டி.கே.எம். 13 வந்துச்சு. அடுத்த தடவை விதைக் கடையில அந்த மூணு எழுத்தைப் பார்த்தா, அது ஓர் ஊர்.