பழுப்பு நாயின் சிலை

விலங்குரிமைக்காரர்கள் விளம்பரத்துக்காகக் கூத்தடிக்கிறார்கள் என்பது பழைய புகார். 1903இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒரு பழுப்பு நாய் மாணவர்முன் உயிரோடு அறுக்கப்பட்டது. பார்த்த ஸ்வீடன் பெண்கள் இருவர் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்கள். அதை மேடையில் பேசியவருக்கு அவதூறு வழக்கில் 2000 பவுண்டு இழப்பீடு விதிக்கப்பட்டது. 1906இல் பாட்டர்ஸீயில் அந்த நாய்க்குச் சிலை வைத்தார்கள். பீடத்தில் குற்றஞ்சாட்டும் வாசகம். வம்புக்கிழுத்த வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் தோற்ற பிறகு நாயை ஊர் நடுவே நிறுத்த வேறென்ன வழி இருந்தது?

1907இல் மருத்துவ மாணவர்கள் கலகத்தில் இறங்கினார்கள். பெண் வாக்குரிமைத் தலைவர் மில்லிசென்ட் ஃபாசெட்டின் கூட்டத்திலும் புகுந்து நாற்காலிகளை உடைத்தார்கள். நாய்க்காகப் பேசியவளும் வாக்குக் கேட்டவளும் அவர்களுக்கு ஒருத்திதான்! 1910இல் சிலை அகற்றப்பட்டது.

பின்னாளில் பீட்டாவும் கூத்தடித்தது: மென்மயிர் ஆடைக்கு எதிராகப் பெண்களை ஆடையின்றி நிறுத்தியது. அந்தப் படங்களில் விலங்கை யார் பார்த்தார்கள்? 2020இல்தான் அதைக் கைவிட்டார்கள்.